பாதுகாப்பைக் கற்கும் மூளை

காலபோக நெல் கதிர் முற்றும் நாள்களில் இலங்கையின் வடக்கே வன்னியின் காட்டோரக் கிராமங்களில் இரவுகள் அமைதியாகக் கழிவதில்லை. யானை வயலுக்குள் இறங்கியதும் காவல் கொட்டிலில் இருப்பவர்கள் யானை வெடியைக் கொளுத்தி எறிவார்கள். வெடி அதிர்ந்த அதே கணத்தில் எங்கோ ஒரு வீட்டில் நித்திரையில் இருந்த தாய் பாயில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நெஞ்சு இடிக்கும். கை, பக்கத்தில் பிள்ளையைத் தேடும். அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். வெடித்தது யானை வெடிதான் என்று அவருக்குத் தெரியும். யுத்தம் 2009 மே மாதத்தோடு முடிந்துவிட்டதும் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்பதில்லை.

இப்படிப்பட்டவர்களைப் பயந்த சுபாவம் என்றும் நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்றும் ஊரில் சொல்லிவிடுகிறோம். அவர்களும் தங்களைப் பற்றி அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். நரம்பியலும் உளவியலும் தரும் விளக்கம் இதற்கு நேர்மாறானது. அந்தத் தாயின் மூளை ஒரு பாடத்தை மிகச் சரியாகப் படித்தது. அந்தப் பாடம் அவரையும் பிள்ளையையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு அடுத்த பாடத்தைப் படிக்க மூளைக்கு என்னென்ன தேவை என்பதை வன்னியில் வாழ்பவர்களும் வன்னிக்காக வேலை செய்பவர்களும் அறிந்திருப்பது அவசியம்.

சத்தம் மூளைக்குள் போகும் வழி

காதில் விழும் சத்தம் மூளைத்தண்டின் வழியாகத் தலமஸ் என்ற பகுதியை அடைகிறது. அங்கிருந்து இரண்டு வழிகளில் பிரிகிறது. ஒன்று செவிப்புலப் புறணிக்குப் போய், இது என்ன சத்தம், எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் என்று நுணுக்கமாகப் பகுத்தறியப்படுகிறது. மற்றது நேரே அமிக்டலாவுக்குப் போகிறது. கன்னப்பொறிகளுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பாதாம் பருப்பளவான நரம்புத் தொகுதிதான் அமிக்டலா. ஜோசப் லெடூ என்ற அமெரிக்க நரம்பியலாளர் 1980களில் எலிகளில் செய்த பரிசோதனைகளில், செவிப்புலப் புறணி சிதைக்கப்பட்ட பிறகும் எலிகள் ஒரு ஒலிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. ஒலியை முழுமையாக இனங்காணும் முன்பே உடம்பைத் தயார்படுத்தும் பாதை ஒன்று இருக்கிறது என்பதற்கு அது சான்று. திடுக்கிடுதல் இன்னும் விரைவானது. அது மூளைத்தண்டிலேயே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

அமிக்டலாவின் சைகை கிடைத்ததும் அட்ரினலின் பாய்கிறது, இதயம் விரைகிறது, குடலுக்குப் போகும் இரத்தம் குறைந்து தசைகளுக்குப் போகிறது. சற்றுப் பிந்தி, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சுரப்பிகள் கோர்ட்டிசோலை விடுகின்றன. “யானை வெடிதானே” என்று நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி சொல்லி முடிப்பதற்குள் உடம்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அமிக்டலாவைப் பயத்தின் இருப்பிடம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது முழு உண்மையில்லை. அரிய நோயொன்றால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு அமெரிக்கப் பெண், பாம்பையோ கத்தியையோ கண்டு பயப்படுவதில்லை. ஆனால் 2013 இல் வெளியான ஓர் ஆய்வில் கரியமிலவாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது அவரும் கடும் பீதிக்குள்ளானார். லெடூவே பின்னாளில் எச்சரித்தார்: அமிக்டலா தூண்டுவது தற்காப்பு எதிர்வினையை, நாம் பயம் என்று உணர்வது அந்த உடல் மாற்றங்களையும், பழைய நினைவுகளையும், இருக்கும் சூழலையும் மூளை ஒன்றுசேர்த்து அர்த்தப்படுத்தும்போது பிறப்பது. அர்த்தம் காலப்போக்கில் மாறக்கூடியது. நம்பிக்கைக்கு இடம் அங்கேதான் இருக்கிறது.

பங்கரின் கணக்கு

2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே இடம்பெயரத் தொடங்கிய மக்கள் தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன் என்று கிழக்கே தள்ளப்பட்டு, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் செய்த முதல் வேலை பங்கர் என்ற பதுங்குகுழியை வெட்டியது. கிபிர் போர் விமானம் வரும் இரைச்சல், செல் குத்தும் சத்தம் கிட்டவா எட்டவா என்ற வேறுபாடு, தலைக்கு மேல் சுற்றும் வேவு விமானத்தின் ரீங்காரம் எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அத்துபடியாயின.

மூளை இங்கே ஒரு கணக்கைப் போட்டது. நூறு தடவை வீணாகப் பங்கருக்குள் பாய்ந்தால் நட்டம் சில நிமிடங்கள். உடம்பில் சில சிராய்ப்புகள். ஒரே ஒரு தடவை பாயாமல் விட்டால் நட்டம் உயிர். இப்படியான இடத்தில் சிறு ஐயத்துக்கும் எச்சரிக்கை எழுப்பும்படி தன் வரம்பைத் தாழ்த்திக்கொண்ட மூளையே சரியாக வேலை செய்த மூளை.

நம் புலனறிவு வெளியே இருப்பதை அப்படியே பதிவு செய்வதில்லை. கண்ணும் காதும் தரும் தகவல் எப்போதும் அரைகுறையானது. மீதியை மூளை தன் அனுபவத்திலிருந்து ஊகித்து நிரப்புகிறது. மங்கலான ஒலி ஒன்று கேட்டால், முன்பு அடிக்கடி எது நேர்ந்ததோ, எது மிக ஆபத்தாக இருந்ததோ அதன் பக்கம் ஊகம் சாய்கிறது. ஆகவேதான் மோட்டார் சைக்கிள் சைலன்சரின் வெடிப்பும், கண்ணிவெடி அகற்றுபவர்கள் முகமாலையில் பாதுகாப்பாக வெடிக்க வைக்கும் குண்டின் அதிர்வும், வெள்ள நிவாரணத்துக்கு வரும் ஹெலிகொப்டரும் சிலருக்கு முதல் கணத்தில் யுத்தமாகவே கேட்கின்றன.

திகதி இல்லாத நினைவு

ஜெனீவா மருத்துவர் எடுவார்ட் கிளாப்பரேட் 1911 இல் எழுதிய ஒரு சம்பவம் உளவியலில் பேர்போனது. புதிதாக எதையும் ஞாபகத்தில் வைத்திருக்க முடியாத ஒரு நோயாளிப் பெண்ணுக்குக் கைகொடுக்கும்போது அவர் விரலிடுக்கில் ஓர் ஊசியை மறைத்துவைத்துக் குத்தினார். அடுத்த தடவை அந்தப் பெண்ணுக்கு அவரையும் ஞாபகமில்லை, ஊசியையும் ஞாபகமில்லை. ஆனாலும் கைகொடுக்க மறுத்துவிட்டார். ஏன் என்று அவரால் சொல்லவும் முடியவில்லை.

ஒரு சம்பவம் மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எழுதப்படுகிறது. எங்கே, எப்போது, எதற்குப் பின் எது என்ற விவரங்களைக் கோத்து வைப்பது ஹிப்போகம்பஸ். எது ஆபத்து, அதற்கு உடம்பு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பதிவது அமிக்டலாவைச் சார்ந்த வலை. உயிர் போகும் நெருக்கடியில் சுரக்கும் ஹோர்மோன்கள் இரண்டாவது பதிவை ஆழமாக்குகின்றன, முதலாவது சிதறிப்போகக்கூடும். அப்படி எழுதப்பட்ட நினைவுக்கு இடமும் திகதியும் சரியாக ஒட்டியிருப்பதில்லை. திரும்பி வரும்போது அது “அன்று நடந்தது” என்று வருவதில்லை. இப்போது நடப்பதாக வருகிறது.

எல்லோருக்கும் இப்படி நேர்வதில்லை. வியட்நாம் போர் வீரர்களையும், போருக்குப் போகாத அவர்களது இரட்டைச் சகோதரர்களையும் ஒப்பிட்ட 2002 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில், மனவடு நோய் (PTSD) நீடித்தவர்களின் ஹிப்போகம்பஸ் சிறிதாக இருந்தது. போரைக் காணாத அவர்களது சகோதரர்களுக்கும் அது சிறிதாகவே இருந்தது. ஆகவே யாருக்கு நோய் நீடிக்கும் என்பதில் போருக்கு முன்பே இருந்த உடலமைப்புக்கும் பங்குண்டு. இதில் வெட்கப்படவோ குற்றம் சொல்லவோ எதுவுமில்லை.

2009 இல், யுத்தம் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 வீதத்தினருக்கும், மனச்சோர்வு 22.2 வீதத்தினருக்கும், பதகளிப்பு 32.6 வீதத்தினருக்கும் காணப்பட்டன. இந்த எண்கள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலானோர் நிமிர்ந்து நிற்கிறார்கள். நொந்துபோனவர்களிலும் பலருக்கு வருவது திடுக்கிடும் பயத்தைவிடச் சோர்வும் பதைபதைப்புமே. அவர்கள் வைத்தியசாலைக்கு வரும்போது மனதைப் பற்றிப் பேசுவதில்லை. தலை பாரமாக இருக்கிறது, மேலெல்லாம் எரிகிறது, நித்திரை இல்லை, ஒரே யோசினை என்கிறார்கள். அவர்கள் பாசாங்கு செய்வதாக எண்ணுவது பெருந்தவறு. தன் உடம்பின் உள்நிலையை உணர்வதும் வேதனையை உணர்வதும் மூளையில் பெரிதும் ஒரே வலைப்பின்னலில் நடப்பவை.

பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். வடக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே நேர்கண்டு நடத்தி 2009 இல் வெளியான ஆய்வில், 92 வீதமானோர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினரின் சாவு போன்ற கொடிய அனுபவத்தைக் கண்டிருந்தார்கள். நான்கில் ஒருவருக்கு மனவடு நோய் இருந்தது. அந்தப் பிள்ளைகள் ஞாபகச் சோதனைகளிலும் படிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். வகுப்பில் கவனமில்லாத பிள்ளையென்று நாம் அடித்த பிள்ளைகளில் எத்தனை பேரின் கவனம் வாசலில் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்ததோ!

பயம் அழிவதில்லை, பக்கத்தில் இன்னொன்று எழுதப்படுகிறது

மணியோசைக்கு எச்சில் ஊறப் பழக்கிய நாய்களுக்கு, ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் பிறகு உணவு தராமல் மணியை மட்டும் அடித்தார். எச்சில் ஊறுவது நின்றது. சில காலம் விட்டு மறுபடி மணி அடித்தபோது மீண்டும் ஊறியது. பழைய பாடம் அழியவில்லை. “இப்போது உணவு வராது” என்ற புதுப் பாடம் அதன் மேல் அமர்ந்திருந்தது. பயத்துக்கும் இதே விதிதான். முன்மூளைப் புறணியின் கீழ் நடுப்பகுதி, “இது ஆபத்தில்லை” என்று அமிக்டலாவை அடக்கக் கற்றுக்கொள்கிறது. இந்தப் புதுப் பாடத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: அது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓரிடத்தில் அடங்கிய பயம் இன்னோரிடத்தில் மறுபடி எழும். ஆகவே பாதுகாப்பைத் திரும்பத் திரும்ப, வாழும் இடத்திலேயே கற்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு மெய்யானதாகவும் இருக்க வேண்டும்.

2009 இல் யுத்தத்திலிருந்து வெளியே வந்தவர்களில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் மூளைக்குப் புதுப் பாடம் தொடங்கவே வழியில்லை. சொந்தக் காணியில் இராணுவ முகாம் இருக்க, வேறிடத்தில் குடியமர்த்தப்பட்ட கேப்பாப்புலவு மக்கள் 2017 இல் வீதியோரம் இரவு பகலாக இருந்து காணியைக் கேட்டார்கள். தன் கிணறு, தன் மாமரம், தெரிந்த அயல் ஆகியவையே மூளைக்குப் பாதுகாப்பைச் சொல்லும் சைகைகள். காணி உரிமை உளநலத்தோடும் சேர்ந்த விடயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

சிகிச்சை பலன் தரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. சுனாமிக் கடற்கோளுக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு இரண்டு விதமான சிகிச்சைகள், ஒவ்வொன்றும் ஆறு அமர்வுகளாகக் கொடுக்கப்பட்டன. சிகிச்சை அளித்தவர்கள் பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஒரு குழுவுக்கு வாழ்க்கைக் கதையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லவைக்கும் முறை. நிலத்தில் ஒரு கயிற்றை நீட்டி, நல்லவை நடந்த இடத்தில் பூவும் கொடியவை நடந்த இடத்தில் கல்லும் வைத்து, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கோத்துச் சொல்வார்கள். சிதறிய நினைவுக்கு இடமும் திகதியும் திரும்பக் கிடைக்கின்றன. மற்றக் குழுவுக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். ஆறு மாதத்துக்குப் பின் முதற் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாவதில் 71 வீதமானோரும் குணமடைந்திருந்தார்கள். மெதுவாக மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. உடம்பு தணிந்தால் அதை வாசிக்கும் மூளையும் தணிகிறது.

ஆனால் யாரோ ஒருவர் வந்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் கிளறிக் கேட்டுவிட்டுப் போவது பலன் தராது. ஒற்றை அமர்வு விசாரிப்புகள் மனவடு நோயைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பாய்வுகள் காட்டுகின்றன. வன்னிச் சனத்திடம் கேள்வித்தாளோடு வருபவர்கள் இதை மனதிற்கொள்ள வேண்டும்.

உடல் இல்லாத துக்கம்

நெருங்கிய ஒருவரை இழந்த துக்கத்தையும் அறிவியல் ஒரு கற்றலாகவே காண்கிறது. மகன் எங்கோ இருக்கிறான், வருவான் என்பது தாயின் மூளையில் ஆழப் பதிந்த எதிர்பார்ப்பு. உடலைக் காண்பதும், எட்டுச் செலவு, அந்தியேட்டி ஆகிய சடங்குகளும், கூடியழும் சனமும் அந்த எதிர்பார்ப்பை மெல்ல மெல்லத் திருத்துகின்றன. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு இதில் ஒன்றுமே கிடைப்பதில்லை. வியட்நாமில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்த அமெரிக்க ஆய்வாளர் பொலின் பாஸ், இதைத் தெளிவற்ற இழப்பு என்று வகைப்படுத்தினார். இறந்தான் என்று நம்பினால் பிள்ளையைக் கைவிட்ட குற்ற உணர்வு. இருக்கிறான் என்று நம்பினால் ஓயாத காத்திருப்பு. சாதாரண மூளை அசாதாரண நிலையில் அகப்பட்டுத் தவிப்பது இது என்றார் அவர்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது தொடர்ந்தது. பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். “மறந்துவிட்டு முன்னே போங்கள்” என்று அவர்களுக்கு அறிவுரை சொல்வது அறிவியலுக்கும் ஒவ்வாதது, அறத்துக்கும் ஒவ்வாதது. அவர்களுக்குத் தேவையான மருந்து உண்மைத் தகவல். அதைத் தர வேண்டியது அரசு.

கூட்டத்தின் மருந்து

2006 இல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில், மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த பெண்கள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டபோது ஆபத்தை எதிர்கொள்ளும் மூளைப் பகுதிகளின் செயற்பாடு குறைந்தது. அந்நியரின் கையும் ஓரளவு உதவியது. மனிதமூளை பாதுகாப்பைத் தனியாகக் கணிப்பதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கணிக்கிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னி மக்களைப் பற்றி 2010 இல் எழுதிய ஆய்வில் கூட்டு மனவடு என்பதை வலியுறுத்தினார். குலைந்தது தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் அயலும் ஊரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் குலைந்தன. ஆகவே சிகிச்சையும் ஊராகச் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சனம் திரள்வதையும், சவவீட்டில் ஒப்பாரி சொல்லி அழுவதையும், கூத்துப் பழகுவதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

யுத்தத்தின் கடைசி நாள்களை நினைவுகூர்ந்து மே மாதத்தில் வார்க்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியையும் அப்படியே பார்க்கிறேன். மணமும் சுவையும் நினைவின் வாசலை மிக நேராகத் தட்டுபவை. மணத்தின் நரம்புப் பாதை தலமஸைச் சுற்றாமலே அமிக்டலாவின் அயலுக்குப் போகிறது. நடுச்சாமத்தில் தனியே கிடக்கும் ஒருவரை மூழ்கடிக்கக்கூடிய அதே நினைவு, பகல் வெளிச்சத்தில், தெரிந்த முகங்களின் நடுவே, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நிகழ்வில் வரும்போது “அன்று நடந்தது” என்ற இடத்தில் அமர வாய்ப்புப் பெறுகிறது. நினைவுகூர்தலைத் தடுப்பவர்கள் ஆறும் வழி ஒன்றையும் சேர்த்தே தடுக்கிறார்கள்.

அன்றாடத்தின் பாரம்

இலங்கை இளையோர் 427 பேரிடம் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், யுத்தமும் கடற்கோளும் போக, அன்றாட நெருக்கடிகளும் அவர்களின் உளநலத்தைப் பெரிதும் தீர்மானித்தன. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த 2013 ஆம் ஆண்டு ஆய்வில், கையில் காசில்லாத காலத்தில் அதே மனிதரின் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய பெண்ணின் மனம் எதில் செலவாகிறது என்பதை இதிலிருந்து உணரலாம். கசிப்பு அவள் வீட்டுக்குள் புகுந்தால் பாரம் இரட்டிக்கும். தகப்பனின் குடியும் யுத்த அனுபவமும் சேரும் வீடுகளில் பிள்ளைகள் மேல் வன்முறை கூடுகிறது என்று வடகிழக்கில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. குடி நித்திரையைத் தருவதாகத் தோன்றினாலும் கனவு காணும் நித்திரையைக் கெடுக்கிறது. உணர்ச்சி நினைவுகள் ஆறுவதற்கு அந்த நித்திரை உதவுவதாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

முதுமையையும் இப்போதே நினைக்க வேண்டும். மறதிநோய்க்கான, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்டது. தலைக்காயம், காது கேளாமை, இடைநின்ற படிப்பு, மனச்சோர்வு, தனிமை, குடி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றை எல்லாம் கவனித்தால் ஏறக்குறைய 45 வீதமான மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அவர்கள் மதிப்பீடு. செல் சத்தத்தில் செவிப்பறை கிழிந்த, தலையில் காயம்பட்ட, பங்கரில் பள்ளிப்பருவத்தைக் கழித்த ஒரு தலைமுறை வன்னியில் வயதாகிக்கொண்டிருக்கிறது. காது பரிசோதனை, கேட்கும் கருவி, இரத்த அழுத்தச் சோதனை என்பவை அவர்களுக்கு மூளையைக் காக்கும் வைத்தியம்.

நித்திரையின்மை, திடுக்கிடல், ஓயாத யோசினை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம். போக மறுப்பவரோடு ஒருவர் துணைக்குப் போவது, போவதை எளிதாக்கும். ஆனால் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையில் ஏற்றிவிட முடியாது. பாதுகாப்பு மெய்யாக இருந்தால்தான் மூளை பாதுகாப்பைக் கற்கும். காணி திரும்புவதும், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்ற பதில் கிடைப்பதும், கடன் மூச்சுத் திணறடிக்காமல் இருப்பதும், கூடி அழவும் கூடிப் பொங்கவும் தடையில்லாமல் இருப்பதும் வன்னியின் உளநலத் திட்டத்தில் முதல் வரிகளாக இடம்பெற வேண்டியவை. இவற்றைக் கேட்பது அரசியல் என்று ஒதுக்குகிறவர்களுக்கு, இது அறிவியலும் கேட்பதுதான் என்று தயங்காமல் சொல்வோம்.